சுங்கத்தில் பிடிபட்ட தொப்புள்கொடி

1

என் தங்கச்சியின் தொப்புள்கொடி நோர்வே சுங்கத்தில் பிடிபட்டுவிட்டது. சிரிக்காதீர்கள். எனக்கே சிரிப்பு வர இரண்டு நாள் ஆயிற்று.

நான் இருப்பது இந்த நாட்டின் வடக்கு முனைப் பக்கம், மீன் தொழிற்சாலை ஒன்றை நம்பிப் பிழைக்கும் சிறிய ஊர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தலவாக்கலையில் பஸ் ஏறி, ஏஜென்ட் இழுத்த இழுப்புக்கெல்லாம் போய், கடைசியில் இங்கே வந்து விழுந்தவன். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவனுக்குக் குளிர் என்ன புதுசா என்று ஊரில் கேட்பார்கள். அந்தக் குளிரும் இந்தக் குளிரும் ஒன்றென்றால் நான் ஏன் இப்படிப் புலம்பப் போகிறேன்?

போன மாதம் தபாலில் ஒரு அட்டை வந்தது. இலங்கையிலிருந்து உங்கள் பெயருக்கு வந்த பொதி தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, நேரில் வரவும். உங்கள் பெயருக்கு என்றால் என் அப்பாவின் பெயருக்கு. இந்த நாட்டில் கால் வைத்த நாளிலிருந்து எல்லாக் காகிதத்திலும் நான் 'திரு. முத்தையா'. அப்பா ஆயுள் முழுக்க யார் வாயாலும் 'திரு' என்று கேட்காத மனிதர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் ஓடிப்போய் நின்றவர். செத்த பிறகு அவருக்கு இங்கே இந்த மரியாதை நடக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அலுவலகங்களில் முத்தையா என்று கூப்பிட்டால், அது நான்தான் என்று எனக்கு உறைப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே போய்விடுகிறான்.

பொதி தேயிலையாக இருக்கும் என்று நினைத்தேன். என் தங்கச்சி விஜியின் புருஷன் ராஜேந்திரன் தோட்டத்து பேக்டரியில் மாதிரித் தூள் பொதி கட்டுகிறவர். அவர் அனுப்பினால் வேறென்ன வரும்? தூளைப் பிடித்து வைத்து இவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று திட்டிக்கொண்டே, மகள் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் எதற்கு என்றால், என் நோர்வே பாஷை அலுவலகங்களுக்குப் பத்தாது. இன்னொரு காரணம், இருட்டில் என்னால் தனியாக நடக்க முடியாது. இங்கே குளிர்காலத்தில் பகலும் இருட்டுத்தான்.

2

விஜியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

என்னைவிட ஏழு வயது இளையவள். சின்னப் பிள்ளையில் பொழுது சாய்ந்தால் லயத்து வாசலைத் தாண்ட மாட்டாள். தாண்டினால் தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுவாள். ஒரு சிவனொளிபாத மலை சீசனுக்கு எல்லோரும் நல்லதண்ணியில் இறங்கி ராத்திரியில் மலை ஏறினோம். ஒரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்த விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் வந்ததும் நின்றுவிடுவாள். இழுத்தால் அழுவாள். சனம் பின்னால் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. பராக்குப் பார்க்கிறாய் என்று அப்பா முதுகில் ஒன்று வைத்தார்.

மாலைக்கண் என்றார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பொன்னாங்கண்ணி, பப்பாசிப்பழம், காசு கிடைத்தால் ஆட்டு ஈரல். லயத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் வைத்தியம் சொன்னார்கள். அந்தக் கீரையைத் தின்று தின்று அவளுக்குப் பச்சை நிறத்தைக் கண்டாலே குமட்டியது. தேயிலை மலையில் பிறந்துவிட்டுப் பச்சையைப் பார்க்காமல் எங்கே போவாள் பாவம்.

படித்தாள். தொண்ணூறுகளில் எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது அவளுக்கும் கிடைத்தது. தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சர். நேரே பார்த்தால் பொடி எழுத்தையும் படிப்பாள். பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது, காலடியில் கிடக்கிற வாளி தெரியாது. வழியில் யாராவது பக்கவாட்டில் நின்று கும்பிட்டால் பார்க்காமல் போய்விடுவாள். 'டீச்சருக்கு வந்த திமிரப் பாருங்கடி' என்று பேச்சு. பேப்பர் படிக்கிறவளுக்கு வாசற்படி தெரியாதாம், யாரிடம் கதை விடுகிறாள் என்று இன்னொரு பேச்சு. அந்த வாயெல்லாம் இப்போது எங்கே இருக்கிறதோ, நன்றாக இருக்கட்டும்.

கடைசியில் கண்டியில் ஒரு கண் வைத்தியர் பார்த்துச் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறது. நடுவில் ஒரு ஓட்டை அளவுக்குப் பார்வை மிஞ்சியிருக்கிறது. அதுவும் சுருங்கும். மருந்து கிடையாது. 'அப்பாவும் அம்மாவும் சொந்தமா?' என்று கேட்டாராம். சொந்தமாவது! அம்மா கட்டியது தன் சொந்தத் தாய்மாமனை. எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை, அதற்குப் பிறகுதான் வெளியில் பெண் தேடுவது.

அந்த ஓட்டை வழியாகத்தான் அவள் இன்றைக்கும் பாடம் நடத்துகிறாள், பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறாள், சம்பளம் வாங்குகிறாள். அது போனால் எல்லாம் போச்சு. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

3

இனி என் கதை. எனக்கும் அதே நோய்தான்.

விஜிக்குச் சின்ன வயதில் காட்டியது எனக்கு நாற்பதைத் தாண்டிக் காட்டியது. முதலில் தொழிற்சாலையில் பேச்சு வந்தது. இந்த ஊரில் ஆட்கள் அதிகம் பேசமாட்டார்கள், கையை மட்டும் நீட்டுவார்கள். கை இடுப்பு உயரத்தில் நீளும். நான் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்பேன். கை தெரியாது. புது மேலாளரின் கையை இப்படி மூன்று முறை காற்றில் தொங்கவிட்டிருக்கிறேன். அதற்கப்புறம் யாரைக் கண்டாலும் நானே முந்திக்கொண்டு கையை நீட்டத் தொடங்கினேன். குளியலறை வாசலில்கூட நீட்டுகிறேன் என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

வைத்தியரிடம் போனேன். இந்தப் பாஷையில் கண்ணுக்கும் தீவுக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல். என் தீவில் ரொம்ப நாளாகக் கோளாறு, ஓரமெல்லாம் இருண்டுகொண்டு வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் இலங்கைப் பிரச்சினை என்று நினைத்து மிகவும் வருத்தப்பட்டார். பிறகு தர்ஷினியைக் கூட்டிப்போனேன். 'உன் தாத்தா பாட்டி உறவுக்காரர்களா?' என்று அவர் கேட்க, அவள் என்னைக் கேட்க, நான் சொல்ல, பிள்ளை வாயைப் பிளந்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். மொழிபெயர்த்தாளா, வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கார் ஓட்டக்கூடாது என்றார்கள். லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். இங்கே இரண்டு மாதம் சூரியன் எட்டியே பார்க்காது. மாலைக்கண்காரனுக்கு ஆண்டவன் ஒதுக்கி வைத்த நாட்டைப் பாருங்கள்! கடன்பட்டு, காட்டு வழி நடந்து, பெட்டிக்குள் சுருண்டு படுத்து வந்து சேர்ந்த இடம், பகலிலேயே இருட்டுகிற இடம். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஊரில் சொல்லவில்லை. விஜிக்குக் கண்டியில் முடிவு சொன்ன அன்று அம்மா போனில் அழுது தீர்த்துவிட்டு, 'போவுது ஐயா, ஒரு புள்ளைக்காவது கண்ணு நல்லா இருக்கே, அது போதும் எனக்கு' என்றாள். அதற்கு மேல் நான் எந்த வாயால் சொல்வது?

4

இப்போது குருத்தணுவுக்கு வருகிறேன். ஸ்டெம் செல் என்று பேப்பரில் போடுகிறார்களே, அதுதான். இந்தச் சொல் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு காலத்தில் ஹட்டனில் படிப்பித்தவர். தங்கமான மனிதர். என் மகள் பேசுகிற தமிழ் முழுக்க அவர் கொடுத்தது. அதனால்தான் என் வீட்டில் பிறந்த பிள்ளை 'ஆமா'வுக்கு 'ஓம்', 'எப்படி'க்கு 'என்னண்டு' என்று பேசுகிறாள். நான் பேசினால் 'அப்பா, நீங்கள் பேசுறது பிழை' என்று என்னையே திருத்துகிறாள். நோர்வேக்காரியாகப் போனாலும் மனசு ஆறும். யாழ்ப்பாணத்துக்காரியாகப் போனதை யாரிடம் முறையிடுவது?

என் கண் விஷயம் மாஸ்டருக்குத் தெரியும். பத்திரிகையில் எதைக் கண்டாலும் வெட்டிக்கொண்டு வருவார். "தம்பி, இன்னும் ஐஞ்சு வருசத்தில வந்திடும் எண்டு போட்டிருக்கினம்." நான்கு வருடமாகச் சொல்கிறார். நான்கு வருடமாக அதே ஐந்து வருடம். தலைப்பில் பார்வையற்றவர் பார்க்கப்போகிறார் என்று இருக்கும். கடைசிப் பத்தியில், கண்ணாடி போட்டுத் தேடினால், இதெல்லாம் எலிக்கு என்று இருக்கும். தலைப்பு எழுதுகிறவனுக்குக் கடைசிப் பத்தியைப் படிக்க நேரமில்லையா?

ஊரில் ராஜேந்திரன் இன்னும் மோசம். ஞாயிறுப் பேப்பரை முதல் பாதி மட்டும் படிப்பவர்.

"மச்சான், கண்ணுல செத்துப்போனத மறுபடி மொளைக்க வைக்கிறாங்களாம்."

"அது எலிக்குங்க மச்சான்."

"எலிக்கே பண்றவங்க மனுசனுக்குப் பண்ண மாட்டாங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

"கவ்வாத்து வெட்டுன தேயிலையப் பாருங்க மச்சான். மொட்டையா, செத்த மாதிரி நிக்குது. கொஞ்ச நாள்ல குருத்து விடுதில்ல? அதே கதைதான். பேரே குருத்தணுன்னு வச்சிருக்கான்."

"செடிக்கு வேர் இருக்கு. இங்க போனது வேரு."

அந்தப் பக்கம் மெல்லிய குரலில், "சரி மச்சான், ஒங்களுக்கும் அங்க எவ்வளவோ செலவு இருக்கும்" என்றார்.

பார்த்தீர்களா? வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு இதுதான் தண்டனை. நாங்கள் 'இல்லை' என்றால் ஊரில் அது 'மாட்டேன்' என்று கேட்கிறது. மருந்து இல்லை என்றேன், மருந்து வாங்கித்தர மனசில்லை என்று அவருக்குக் கேட்டது. எலிக்கு என்றேன், எலிக்குக் கொடுப்பதை எங்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறான் என்று கேட்டது. விளக்க விளக்க நான் கஞ்சனாகிக்கொண்டே போனேன். விஜி இதையெல்லாம் நேரில் கேட்கமாட்டாள். 'அண்ணே, அவரு பேசுறத மனசுல வச்சுக்காதீங்க' என்பாள். அந்தக் குரலில் ஒரு ஆசை ஒட்டிக்கொண்டு இருக்கும். அதுதான் என்னைக் கொல்லும்.

5

சுங்கத்துக்கு வருவோம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, கையுறை போட்டிருந்தாள். பொதியின் மேல் ராஜேந்திரன் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: மனிதக் குழந்தையின் கொடி. டாக்டருக்கு. விற்பனைக்கு அல்ல.

கடைசி வரி அவர் தொழில். மாதிரித் தூள் பொதியில் நாள் முழுக்க அதைத்தானே அடிக்கிறார்! தபாலகத்தில் சிங்கள உத்தியோகத்தர் என்ன சாமான் என்று கேட்டபோது 'பெஹெத்' என்று, மருந்து என்று, சொல்லியிருக்கிறார். என்ன மருந்து என்று எழுதச் சொன்னார்களாம். எழுதிவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதனைக் கட்டிக்கொண்டு என் தங்கச்சி படுகிற பாடு இருக்கிறதே.

உள்ளே பேக்டரியின் வெள்ளித்தாள் பொதி. பொதி நிறையத் தூள், ஈரம் பிடிக்காமல் இருக்கவாம். தூளுக்கு நடுவில் ஒரு வெள்ளித் தாயத்து. எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் கொடி விழுந்ததும் காயவைத்து, தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவார்கள். பிறகு தாய் எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்வாள். விஜியுடையதை அம்மா இத்தனை வருடமும் வைத்திருக்கிறாள். தொப்புள்கொடியில் குருத்தணு இருக்கிறது என்று பேப்பரில் படித்ததும் ராஜேந்திரனுக்குப் பொறி தட்டியிருக்கிறது. பிள்ளை பிறந்த கையோடு எடுத்து உறையவைத்தால்தான் உதவும் என்பது பேப்பரின் இரண்டாம் பாதியில் இருந்திருக்கும்.

அதிகாரி தாயத்தைத் திறந்தாள். கறுப்பாக, காய்ந்த இஞ்சித் துண்டு போல ஒன்று. "இது என்ன?" என்று கேட்டாள்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் தமிழில் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, நோர்வே பாஷையில் தெளிவாக, "இது என் அத்தை" என்றாள்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வேறொரு அதிகாரி வந்தார். அவர் இன்னொருவருக்குப் போன் பண்ணினார். தூள் உணவாம், அதற்கு ஒரு பிரிவு. வெள்ளி நகையாம், அதற்கு ஒரு பிரிவு. கொடி மனித உடலாம், அதற்கு இந்தக் கட்டடத்திலேயே பிரிவு இல்லையாம். உயிர் இருக்கிறதா என்று கேட்டார்கள். தர்ஷினி அங்கே இருந்த கணினியில் தேடிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, காய்ஞ்சா எல்லாம் செத்திடுமாம். இதில ஒண்டும் இல்லை."

திருப்பி அனுப்ப வழியில்லை என்றார்கள். அழிக்கச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கினார்கள். வெறும் தாயத்தையும் தூளையும் கொடுத்தார்கள். தங்கச்சியின் கொடியை அந்நிய நாட்டில் எரிக்க நான் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் வரும்போது வெறும் தாயத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தேன். காய்ந்த சருகுதான், தெரியும். தெரிந்து என்ன?

அன்றே ராஜேந்திரனுக்குப் போன் எடுத்தேன்.

"டாக்டர் வாங்கிக்கிட்டாருங்களா மச்சான்?"

"இல்லைங்க. சுங்கத்துல எரிச்சிட்டாங்க."

"எரிச்சிட்டாங்களா?"

"அது காஞ்சு போனதுங்க. அதுல ஒன்னும் இல்ல. நீங்க என்னைய ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பக்கூடாதா?"

"ஒங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னுதான் எங்க சாமானையே அனுப்புனோம்." குரல் இறங்கிவிட்டது. "சரி, விடுங்க மச்சான். நாங்க வேற வழி பாத்துக்கிறோம்."

6

அந்த வேறு வழி என்னவென்று அடுத்த வாரம் தெரிந்தது. கண்டியில் ஒரு ஏஜென்ட். கடல் தாண்டி ஒரு நகரத்தில் தனியார் கிளினிக். குருத்தணுவை ஊசியில் எடுத்துக் கண்ணுக்குள் போடுவார்களாம். இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில். பள்ளிக்கூட விடுமுறைக்குப் போய்விட்டு விடுமுறை முடிவதற்குள் பார்வையோடு திரும்பிவிடலாமாம்.

என்னையும் ஒரு ஏஜென்ட்தான் கனடா என்று சொல்லி இங்கே கொண்டுவந்து இறக்கினான்.

கிளினிக்கின் விளம்பரத்தைத் தர்ஷினி கணினியில் தேடி அச்செடுத்துக் கொடுத்தாள். கண் வைத்தியரிடம் கொண்டு போனோம். அவர் படித்தார். திருப்பித் திருப்பிப் படித்தார். அந்தச் சாதுவான மனிதருக்கு முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இதை ஆராய்ச்சி என்கிறார்கள். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கமாட்டார்கள். இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொடவும் மாட்டார்கள். எதைப் போடுகிறார்கள், அது உள்ளே போய் என்ன செய்யும், அவர்களுக்கே தெரியாது. உன் தங்கைக்கு மிஞ்சியிருக்கிற பார்வையும் இதில் போகலாம்."

"அப்ப உண்மையான சிகிச்சை எப்போது வரும்?" என்று கேட்டேன். தங்கச்சிக்காகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"ஒருநாள் வரும் என்று நம்புகிறேன். எப்போது என்று சொன்னால் நான் பொய்யன். இன்றைக்கு இருந்தால் முதலில் உனக்குத்தானே செய்திருப்பேன்?"

அன்றிரவே போன் எடுத்து ராஜேந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னார் என்றேன். அங்கத்தி டாக்டருக்கு வெளிய யாரு நல்லாப் பண்ணாலும் பொறாமை இருக்கும் மச்சான் என்றார். கத்தினேன். அவரும் கத்தினார். கண்ணு நல்லா இருக்கிறவங்களுக்கு என்னங்க தெரியும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் மேசையில் ஓங்கிக் குத்தினேன். தர்ஷினி கணினியை விட்டு எழும்பி வந்தாள். பதினைந்து வயது. வீட்டில் அவள் குரல் கேட்பதே எப்போதாவது, அதுவும் பாதி நோர்வே பாஷை. இந்தப் பிள்ளை கையை விட்டுப் போய்விட்டது என்று நானும் மனைவியும் பேசிக்கொள்ளாத நாள் கிடையாது.

"அப்பா, நீங்கள் அத்தைக்கு உண்மை சொல்லேல்லை."

"என்ன பொய் சொன்னேன்? தொண்டை கிழியச் சொல்றேனே, மருந்து இல்லன்னு!"

"அத்தைக்கு மருந்து இல்லை எண்டு சொன்னனீங்கள். உங்களுக்கும் இல்லை எண்டு சொல்லேல்லை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உனக்கு என்ன தெரியும், ஊரில் உன் பாட்டி என்ன சொன்னாள் தெரியுமா, அம்மாக்காரியின் ஒரே நிம்மதியையும் நான் பிடுங்க வேண்டுமா என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவள் நின்று முழுக்கக் கேட்டாள். ஊருக்குப் பேசுவதற்குத் தன் போன் அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் பின்னேரம் வரைக்கும் அது அங்கேயே கிடந்தது.

7

"விஜிகிட்டக் குடுங்க மச்சான்."

"கொப்பி திருத்திக்கிட்டு இருக்கா." குரலில் விறைப்பு இன்னும் இருந்தது. "இருங்க, கூப்புடுறேன்."

நாற்காலி ஒன்று இடறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? அவரு பேசுனதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"அத விடு. நீ அந்த ஊசிக்குப் போகாத விஜி."

"அண்ணே." பெருமூச்சு விட்டாள். "நீங்க அங்க இருந்துக்கிட்டு லேசா சொல்லிருவீங்க. எம் பக்கத்துல நிக்கிற புள்ளைய நானே மோதித் தள்ளுறேன். நேத்து ஒன்னுக்கு வாயில ரத்தம். ஒரு ஓட்டை இருக்கு, அதுவும் மூடிக்கிட்டே வருது. முழுசா மூடுறதுக்குள்ள என்னத்தையாச்சும் செஞ்சு பாக்கணும்ல? இது ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"எனக்கும் அதேதான் விஜி. நாலு வருஷமா."

பின்னணியில் வானொலி பாடிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லாதீங்கண்ணே. என்னைய நிப்பாட்டுறதுக்காகச் சொல்றீங்க."

"சத்தியமா."

"அப்படின்னா சொல்லுங்க. மேசையில இருக்கிற தண்ணிக் கிளாச எப்படி எடுப்பீங்க?"

டீச்சர் இல்லையா, பரீட்சை வைக்கிறாள்.

"பொறங்கையால. மேசையோட ஒட்டி மெதுவாத் தள்ளிக்கிட்டே போவேன். வெரல நீட்டிக்கிட்டுப் போனா கவுந்துரும்."

"கையிலேருந்து என்னமாச்சும் விழுந்தா?"

"குனியமாட்டேன். சத்தம் எங்க போயி நிக்குதுன்னு கேப்பேன். ஒடனே குனிஞ்சா மேசை விளிம்பு நெத்தியப் பொளந்துரும்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். புருவத்துக்கு மேல."

"எனக்கும் அங்கதான்" என்றாள். அழத் தொடங்கினாள்.

"அங்க ரெண்டு மாசம் சூரியனே வராதுன்னு எழுதுனீங்களே. அந்த இருட்டுல எப்படிண்ணே நடக்குறீங்க?"

"தர்ஷினி கையப் புடிச்சுக்கிட்டு."

"அவ்வளவு பெரிய நாட்டுலயும் மருந்து இல்லையா?"

"இருந்தா எனக்குப் போட்டிருக்க மாட்டாங்களா விஜி?"

ம் என்றாள். ஒரு 'ம்' தான். அதில் அவளுடைய ஆசை மொத்தமும் இறங்கிப் போவது எனக்குத் தெரிந்தது. நான் பிடுங்கிவிட்டேன். இதைச் செய்யத்தானே போன் எடுத்தேன்?

"அம்மாவுக்கு நான் மெதுவாச் சொல்லிக்கிறேன். நீங்க சொல்லாதீங்க" என்றாள். பிறகு போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு ராஜேந்திரனிடம் பேசினாள். எனக்கு எல்லாம் கேட்டது. "மாமா, அந்த ஆளுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிருங்க. எங்க அண்ணனுக்கே இல்லையாம்."

"என்னா அண்ணனுக்கு?"

அவள் சொன்னாள். வானொலியை யாரோ நிறுத்தினார்கள். போன் கை மாறியது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார், நான் இத்தனை நாள் கஞ்சன் என்று நினைத்தேனே என்பார், அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"மச்சான்" என்றார் ராஜேந்திரன். "அந்த இருட்டுல நீங்க என்னா செய்யுறீங்க? போதும், இங்க வந்துருங்க. இவள ஒரு கையில புடிச்சுக்கிட்டு ஒங்கள ஒரு கையில புடிச்சுக்கிறேன். எனக்கு ரெண்டு கை இருக்குல்ல."

இந்த மனிதரோடு எத்தனை வருடம் சண்டை போட்டிருக்கிறேன்! போனைத் தர்ஷினியிடம் நீட்டினேன். அவர் அந்தப் பக்கம் பஸ் எது, லயத்தில் நாங்கள் தங்க எந்தக் காம்பரா, எந்தப் பக்கம் கட்டில் போடுவது என்று விடாமல் சொல்லிக்கொண்டே போயிருக்க வேண்டும். பிள்ளை என் முகத்தைப் பார்த்தபடி, "ஓம் மாமா, ஓம் மாமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.